காற்றைச் சுடவைத்த நீல்சன்

ஊதுலையின் படம் வரையாமல் வேதியியல் தேர்வு எழுதியவர் நம் கல்லூரியில் எவரும் இருக்க முடியாது. இடை பருத்து, அடியும் முடியும் குறுகிய ஒரு கோபுரம். உச்சியில் தாதுவைக் கொட்டும் கிண்ணமும் கூம்பும். அடியில் உருகிய இரும்புக்கு ஒரு துளை, கசடுக்கு ஒரு துளை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு அம்புக்குறிகள். அம்புக்குறிகளின் ஓரத்தில் வெப்பக் காற்று என்ற இரண்டு சொற்கள். இரும்புத்தாதுவைப் பற்றியும் கல்கரியைப் பற்றியும் சுண்ணாம்புக்கல்லைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அந்த அம்புக்குறிகளைப் பற்றி மட்டும் எதுவும் எழுதுவதில்லை. எரியும் உலைக்குள் எந்தக் காற்றை ஊதினால் என்ன, அதை ஏன் முன்கூட்டியே சுடவைக்க வேண்டும், சுடவைக்கலாம் என்று முதலில் நினைத்தவர் யார் என்று வகுப்புக் கருத்தரங்கு ஒன்றில் நான் கேட்டேன். கேட்டவனே தேடி எழுதட்டும் என்று எங்கள் பேராசிரியர் தீர்ப்பளித்துவிட்டார். இந்தக் கட்டுரை அந்தத் தீர்ப்பின் விளைவு.

தேடியபோது கிடைத்த பெயர் ஜேம்ஸ் போமாண்ட் நீல்சன். நீராவி எந்திரம் என்றதும் ஜேம்ஸ் வாட்டும், எஃகு என்றதும் பெசமரும் நம் நினைவுக்கு வருகிறார்கள். நீல்சனுக்கு அந்த இடம் நம் பாடநூல்களில் கிடைக்கவில்லை. இரும்புத் தொழிலின் வரலாற்றை எழுதியவர்களோ அவர் பெயரை விட்டுவிட்டு ஒரு அதிகாரத்தையும் முடித்ததில்லை.

ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகருக்குக் கிழக்கே உள்ள ஷெட்டில்ஸ்டன் என்னும் ஊரில் 1792-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் நீல்சன் பிறந்தார். தந்தை வால்ட்டர் நீல்சன் நிலக்கரிச் சுரங்கத்தில் எந்திரங்களைப் பழுது பார்க்கும் தொழிலாளி. வசதியில்லாத குடும்பம். பதினான்கு வயது நிரம்புவதற்குள் ஜேம்சின் பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. சிறிய நீராவி எந்திரம் ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் வேலை, பிறகு சுரங்கத்தில் பாரம் இழுக்கும் எந்திரத்தருகே எடுபிடி வேலை, அதன்பின் அண்ணன் ஜானிடம் தொழில் பழகுதல் என்று இளமை கழிந்தது. இருபத்திரண்டாவது வயதில் இர்வின் என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் எந்திரப் பொறுப்பாளர் ஆனார். அங்கேயே திருமணமும் நடந்தது. சில ஆண்டுகளில் அந்தச் சுரங்கத்தின் முதலாளி நொடித்துப்போக, நீல்சனுக்கும் வேலை போயிற்று.

1817-ல் கிளாஸ்கோவில் புதிதாக ஏற்பட்ட நிலக்கரி வாயு நிலையத்துக்கு ஒரு மேற்பார்வையாளர் தேவைப்பட்டார். நிலக்கரியைக் காற்றுப் படாமல் சுட்டு, அதிலிருந்து வரும் வாயுவைத் தெருவிளக்குகளுக்குக் குழாய் வழியே அனுப்பும் தொழில் அது. அந்நாளில் மிகப் புதிய தொழில். இருபத்தைந்து வயது நீல்சன் அந்த வேலையில் சேர்ந்தார். ஐந்தே ஆண்டுகளில் நிலையத்தின் மேலாளரும் பொறியாளரும் ஆகி, 1847 வரை அங்கேயே இருந்தார். இரும்புத் தொழிலைத் தலைகீழாக மாற்றிய மனிதர் ஒருநாள்கூட இரும்பாலையில் சம்பளம் வாங்கியவர் அல்லர் என்பதை நண்பர்கள் இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

வேலையில் சேர்ந்த பிறகுதான் அவர் உண்மையில் படிக்கத் தொடங்கினார் எனலாம். பகலில் வாயு நிலையம், ஓய்வு நேரத்தில் ஆண்டர்சன் கல்விக்கூடத்தில் இயற்பியல், வேதியியல் வகுப்புகள். வாயுவைச் சுத்தப்படுத்த இரும்பு சல்பேட்டைப் பயன்படுத்தியதும், சுடர் விரிந்து எரியுமாறு விளக்கின் முனையை மீன்வால் போல் அமைத்ததும் அந்தப் படிப்பின் பயன்கள். தாம் படித்ததோடு அவர் நின்றுவிடவில்லை. அவருக்குக் கீழ் வேலை செய்தவர்களில் பலர் வடக்கு மலைநாட்டிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் பிழைக்க வந்த எளியவர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்களுக்காக 1821-ல் நிலையத்திலேயே ஒரு தொழிலாளர் கழகம் அமைத்தார். நூலகம், விரிவுரைக்கூடம், சிறிய ஆய்வுக்கூடம், பட்டறை எல்லாம் அதில் இருந்தன. தொழிலாளர்களே முறைபோட்டு மேடையேறித் தாம் படித்ததைப் பேசினார்கள். நீல்சனின் கண்டுபிடிப்பு உலகத்துக்குத் தெரியும். ஆனால் என் மதிப்பில் அவருடைய முதல் சாதனை இந்தக் கழகம்தான்.

இனி இரும்பாலைகளுக்கு வருவோம். அக்காலத்து ஆலை முதலாளிகள் எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரிந்திருந்தது. குளிர்காலத்தில் உலை நன்றாக வேலை செய்கிறது; கோடையில் விளைச்சலும் குறைகிறது, இரும்பின் தரமும் குறைகிறது. பல்லாண்டுக் கணக்கேடுகள் அதற்குச் சாட்சி. அதிலிருந்து அவர்கள் கண்ட முடிவு, காற்று எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பதாகும். ஆகவே காற்றுக் குழாய்களில் வெயில் ஏறாதபடி வெள்ளை பூசினார்கள். குளிர்ந்த நீரின் மேல் காற்றைச் செலுத்திப் பிறகு உலைக்கு அனுப்பினார்கள். குழாயைச் சுற்றிப் பனிக்கட்டி வைத்தவர்களும் உண்டு. இதையெல்லாம் படித்துவிட்டு நாம் சிரிக்கலாம். ஆனால் அவர்கள் கண்ணால் கண்டது பொய்யன்று. குளிர்காலத்தில் உலை நன்றாகத்தான் ஓடியது. கண்டது சரி, அதற்குச் சொன்ன காரணம்தான் தவறு. எந்த ஆய்வுக்கூடத்திலும் இதைவிட ஆபத்தான நிலை இல்லை என்பேன். கண்டதே தவறாக இருந்தால் யாராவது ஒருவர் மறுநாள் திருத்திவிடுவார். கண்டது சரியாக இருக்கும்போது காரணத்தைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றாது.

கோடைக் காற்றில் உண்மையில் என்ன குறை? ஈரம். வெப்பமான காற்று நீராவியை மிகுதியாகத் தாங்கும். அந்த நீராவி உலையின் அடியில் செந்தணலாய் இருக்கும் கரியுடன் வினைபுரிந்து ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடுமாகப் பிரிகிறது. அது வெப்பம் கொள் வினை. எங்கே வெப்பம் மிக அதிகமாகத் தேவையோ அங்கேயே வெப்பத்தைத் திருடிக்கொள்ளும். இதை ஆலை அளவில் நிறுவியவர் ஜேம்ஸ் கேலி என்ற அமெரிக்கர். 1904-ல் பிட்ஸ்பர்க் நகருக்கு அருகே இருந்த இசபெல்லா உலைகளில், காற்றைக் குளிரூட்டி, அதன் ஈரத்தை உறையச் செய்து பிரித்துவிட்டு, பிறகு அதைச் சுடவைத்து ஊதினார். கல்கரிச் செலவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. பழைய முதலாளிகள் விரும்பிய குளிர்ச்சிக்கு அப்போதுதான் சரியான இடம் கிடைத்தது. நீல்சன் காலத்தில் இது எவருக்கும் தெளிவாகத் தெரியாது.

1824, 1825-ஆம் ஆண்டுகளில் ஆலையதிபர் ஒருவர் நீல்சனிடம் வந்தார். கோடைக்காற்றில் கந்தகம் கலந்திருப்பதால்தான் உலை கெடுகிறது என்பது அவருடைய எண்ணம். நிலக்கரி வாயுவிலிருந்து கந்தகத்தை நீக்குகிறவர் ஆயிற்றே, அதுபோலக் காற்றையும் சுத்தப்படுத்தித் தர முடியுமா என்று கேட்டார். வாயு நிலையத்துக்காரரிடம் இரும்புக்காரர் வந்த கதை இதுதான். குறை கந்தகத்தில் இல்லை என்பது நீல்சனுக்குப் பட்டது. அடுத்து மியூர்கர்க் இரும்பாலையிலிருந்து இன்னொரு சிக்கல் வந்தது. அங்கே ஒரு உலை ஊது எந்திரத்திலிருந்து அரை மைல் தள்ளி இருந்தது. அவ்வளவு தூரம் குழாயில் போவதற்குள் காற்றின் வேகம் தளர்ந்துவிடுகிறது. என்ன செய்யலாம் என்று யோசனை கேட்டார்கள். உலைக்குப் பக்கத்தில் குழாயைச் சுடவைத்தால் காற்று விரிவடைந்து, கொள்ளளவு பெருகி, வேகமாகப் பாயுமே என்று நீல்சன் நினைத்தார்.

நினைத்ததை அவர் சோதித்த முறைதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உலையைத் தொட அவருக்கு உரிமை இல்லை; தம் நிலையத்து வாயு விளக்கு இருக்கிறது. சுடரைச் சுற்றி ஒரு குழாயைப் பொருத்தி, சுடருக்குச் சூடான காற்றுப் போகும்படி செய்தார். சுடரின் ஒளி கூடியது. அடுத்து ஒரு சாதாரணக் கொல்லன் உலையில், துருத்திக் காற்றைச் சூடான குழாய் வழியே செலுத்திப் பார்த்தார். கரி கண் கூசும்படி எரிந்தது. குழாயைக் குளிரவிட்டால் தணலின் ஒளியும் மங்கியது. காற்று விரிவதால் வரும் பயன் இவ்வளவு இருக்க முடியாதே, வேறு ஏதோ இருக்கிறதே என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. முதலில் நினைத்த காரணத்தைப் பிடித்துக்கொண்டு தொங்காமல், சோதனை காட்டிய பக்கமாகத் திரும்பியதுதான் அவருடைய பெருமை.

எங்கள் ஊரில் இன்னும் ஒரே ஒரு கொல்லுப்பட்டறை இருக்கிறது. துருத்தியின் இடத்தை இப்போது மின்விசிறி பிடித்துக்கொண்டது. விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது அங்கே அரைநாள் உட்கார்ந்திருந்தேன். விசிறியை நிறுத்திய கணம் நெருப்பு சிவந்து சாம்பல் பூக்கிறது. திருப்பிய கணம் வெள்ளையாகிறது. ஆனால் காற்று நேராக மோதும் இடத்தில் மட்டும் கரி கறுத்து, சுற்றியுள்ள கரிதான் ஒளிர்கிறது. பட்டறை மாமா அதைப் பார்க்காத நாளில்லை. நான் கேட்ட பிறகு, காற்று அங்கே நெருப்பை அணைக்கவும் செய்கிறது என்று சாவதானமாகச் சொன்னார். பெரிய உலைகளிலும் அதுவே நடந்தது. குளிர்ந்த காற்று நுழையும் குழாய்முனையில் கசடு உறைந்து மூக்கைப்போல் நீட்டிக்கொண்டிருக்கும். உலையாட்கள் கம்பியால் அதைக் குத்திக் குத்தித் தள்ளுவார்கள்.

ஏன் அணைக்கிறது என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். பன்னிரண்டு கிராம் கார்பன், கார்பன் மோனாக்சைடாக எரியப் பதினாறு கிராம் ஆக்சிஜன் வேண்டும். அதாவது ஒரு கிலோ கார்பனுக்கு 1.33 கிலோ ஆக்சிஜன். காற்றில் எடைக்கணக்கில் ஆக்சிஜன் ஏறத்தாழ 23 விழுக்காடுதான். ஆகவே ஒரு கிலோ கார்பனை எரிக்க 5.8 கிலோ அளவுக்குக் காற்றை ஊத வேண்டும். அதில் 4.4 கிலோவுக்கு மேல் நைட்ரஜன். அந்த நைட்ரஜன் எரியவும் உதவாது, தாதுவை ஒடுக்கவும் உதவாது. சும்மா உள்ளே வந்து, உலையின் வெப்பத்தை வயிறு நிறைய உண்டு, மேலே போய்விடும். உலைக்குள் போகும் பொருள்களில் எடை மிகுந்தது தாதுவும் அன்று, கரியும் அன்று, காற்றே. தாதுவையும் கரியையும் எடை போட்டு வண்டியில் ஏற்றியவர்கள் காற்றை எடை போடவில்லை. விலை இல்லாத பொருளுக்கு யார் கணக்கு வைப்பார்கள்?

இன்னொன்றும் உண்டு. உலையின் அடியில் கசடையும் இரும்பையும் உருக்க ஏறத்தாழ 1,400, 1,500 செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பநிலை தேவை. அதற்குக் கீழே இருக்கும் வெப்பம் எவ்வளவு இருந்தாலும் உருக்கும் வேலைக்கு ஆகாது. வெந்நீர் எத்தனை குடம் இருந்தாலும் அதில் ஈயத்தை உருக்க முடியாதல்லவா? குளிர்ந்த காற்று வந்தால், கரி தரும் வெப்பத்தின் பெரும்பகுதி அந்தக் காற்றை வாசற்படிவரை ஏற்றிவிடவே செலவாகிறது. படிக்கு மேலே மிஞ்சுவது கொஞ்சம். காற்றை வெளியிலேயே 300 பாகை சுடவைத்துவிட்டால், மிச்சமாகும் வெப்பம் முழுவதும் படிக்கு மேலே சேர்கிறது. வெளியே மலிவான தூள்கரியால் சுடவைக்கலாம். உள்ளே எரிவதோ விலையுயர்ந்த கல்கரி. காற்றைச் சுடவைக்கவும் எரிபொருள்தானே வேண்டும், இதில் மிச்சம் எங்கிருந்து வரும் என்று நீல்சனை மடக்கியவர்களுக்கு இதுதான் விடை. இப்படி வகுத்துச் சொல்லும் வெப்பவியல் அன்று பிறக்கவில்லை. விடை தெரியாமலே அவர் செய்து காட்ட வேண்டியிருந்தது.

செய்து காட்டுவதுதான் கடினமாக இருந்தது. சோதித்துப் பார்க்கிறேன் என்று கேட்டால், உலையிலும் குழாயிலும் எதையும் மாற்றாமல் சோதிப்பதானால் சரி என்றார்கள்! ஒருநாள் உலை உறைந்துபோனால் அதை உடைத்து எடுக்க மாதக்கணக்காகும். அவர்கள் அச்சத்தையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. கடைசியில் கிளைடு இரும்பாலையின் காலின் டன்லப் இடம் கொடுத்தார். முதல் சோதனையில் தேனிரும்பால் செய்த ஒரு சிறிய பெட்டியைத்தான் நெருப்பின் மேல் வைத்துக் காற்றை அதன் வழியே விட்டார்கள். காற்றின் வெப்பம் சிறிதளவே உயர்ந்தது. ஆயினும் வெளியே வந்த கசடின் கருமை குறைந்திருந்தது. இதன் பொருள் வேதியியல் மாணவருக்குச் சொல்லாமலே விளங்கும்: கசடில் வீணாகும் இரும்பு ஆக்சைடு குறைந்துவிட்டது.

1828-ல் நீல்சன் காப்புரிமை பெற்றார். பணம் வேண்டுமே, கூட்டாளிகளாக டன்லப், டண்டைவன் ஆலையின் ஜான் வில்சன், சார்லஸ் மேக்கிண்டாஷ் ஆகியோர் சேர்ந்தார்கள். மேக்கிண்டாஷ் என்றால் மழைக்கோட்டு மேக்கிண்டாஷ்தான். கிளாஸ்கோ வாயு நிலையத்தின் தாரிலிருந்து கிடைத்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்துத்தான் அவர் நீர்புகாத துணியைச் செய்தார். நீல்சனின் நிலையத்துக் கழிவில் ஒருவருக்கு மழைக்கோட்டும், அதன் இலாபத்தில் மற்றவருக்கு ஊதுலையும் கிடைத்த இந்தப் பொருத்தத்தைத் தனிக் கட்டுரையாக எழுதலாம்.

பெட்டி விரைவில் எரிந்துபோயிற்று. அதன் இடத்தில் வார்ப்பிரும்புக் குழாய்கள் வந்தன. அவை சூட்டில் நீண்டு, இணைப்புகள் விரிசல் விட்டன. வளைவாக அமைத்து அதைச் சமாளித்தார்கள். காற்றின் வெப்பம் ஏற ஏற, உலைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்முனையே உருகத் தொடங்கியது. சுருள் குழாயில் தண்ணீர் ஓடும்படி முனையை வார்த்துக் காப்பாற்றியவர் ஜான் கான்டி என்னும் பொறியாளர். இன்றும் உலகின் எல்லா ஊதுலைகளிலும் காற்று நுழையும் முனை நீரால் குளிர்விக்கப்படுவதே. ஒரு கண்டுபிடிப்பு ஒருவரால் முழுமை பெறுவதில்லை என்பதை இந்த இடத்தில் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

கிளைடு ஆலையின் கணக்கை டாக்டர் தாமஸ் கிளார்க் என்ற வேதியியலார் தொகுத்து வெளியிட்டார். அந்த எண்களைப் பார்க்கையில் எனக்கு நம்புவதற்கே சற்று நேரம் ஆயிற்று. 1829-ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதங்களில், குளிர்ந்த காற்றில், ஒரு டன் இரும்புக்கு 8 டன்னுக்குச் சற்று மேற்பட்ட நிலக்கரியைக் கல்கரியாக்கி எரித்தார்கள். 1830-ன் முதல் ஆறு மாதங்களில், காற்றைப் பாரன்ஹீட் 300 பாகைக்குச் (ஏறத்தாழ 150 செல்சியஸ்) சுடவைத்தபோது, அது 5 டன்னுக்குச் சற்று மேலாக இறங்கியது. 1833-ல் 600 பாகைக்கு (ஏறத்தாழ 315 செல்சியஸ்) உயர்த்தினார்கள். நிலக்கரியைக் கல்கரியாக்காமல் பச்சையாகவே போட்டார்கள். தேவைப்பட்டது 2¼ டன். காற்றைச் சுடவைக்கச் செலவான கரி தனி. அது ஒரு டன் இரும்புக்கு அரை டன்னைக்கூட எட்டவில்லை. விளைச்சலோ, 1829-ல் மூன்று உலைகளிலுமாக வாரத்துக்கு 111 டன். 1830-ல் அதே மூன்று உலைகளில் 162 டன். 1833-ல் நான்கு உலைகளில் 245 டன். ஊது எந்திரம் மாறவில்லை. எரிபொருள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து, இரும்பு இருமடங்குக்கு மேல் பெருகியது.

பச்சை நிலக்கரியை அப்படியே போடலாம் என்றானது ஸ்காட்லாந்துக்குப் பெரும் புதையல். அந்நாட்டு நிலக்கரி கல்கரியாக்கும்போது பாதிக்கு மேல் கழிவாகப் போய்விடும் இனம். டேவிட் மஷெட் என்பவர் 1801-லேயே கண்டெடுத்த கரும்பட்டை இரும்புக்கல் என்னும் தாது, பயனின்றிக் கிடந்தது. வெப்பக் காற்று வந்த பிறகு அதற்கும் காலம் பிறந்தது. 1830-ல் ஸ்காட்லாந்து ஆண்டுக்குச் சுமார் 37,500 டன் இரும்பு செய்தது. 1845-ல் அது ஏறத்தாழ 4,75,000 டன். வேல்சில் அனிஸ்கெட்வின் ஆலையில் ஜார்ஜ் கிரேன், எரியவே மறுக்கும் ஆந்திரசைட் நிலக்கரியை வெப்பக் காற்றால் 1837-ல் எரித்துக் காட்டினார். அவரிடம் இருந்த டேவிட் தாமஸ் அந்த வித்தையோடு அமெரிக்கா சென்று, 1840-ல் பென்சில்வேனியாவின் ஆந்திரசைட்டில் இரும்பு உருக்கினார். கோட்பிரிட்ஜ் போன்ற சிற்றூர்கள் இரவும் பகலும் தீ உமிழும் நகரங்களாயின. புகையும் நெருக்கடியும் நோயும் அங்கே கூடவே வளர்ந்தன என்பதை விட்டுவிட்டால் கணக்கு முழுமையாகாது.

இதற்கிடையே ஒரு முணுமுணுப்பும் எழுந்தது: சுடுகாற்று இரும்பு வலுவற்றது, நொறுங்கும் என்று. பாலம் கட்டுவோர் ஒப்பந்தங்களில் குளிர்காற்று இரும்பே வேண்டும் என்று நீண்டகாலம் எழுதிவந்தார்கள். ஈட்டன் ஹாட்கின்சன், வில்லியம் பேர்பேர்ன் இருவரும் இரண்டு வகை இரும்பையும் வளைத்தும் முறித்தும் சோதித்து, 1837 அளவில் முடிவை வெளியிட்டார்கள். பொதுவாகப் பெரிய வேறுபாடு இல்லை என்பது அவர்கள் கண்டது. வெப்பம் கூடியதால் மட்டமான தாதுவையும் கசடையும் துணிந்து உலையில் போட்ட பேராசைக்காரர்களின் இரும்பு மட்டமாக இருந்திருக்கலாம். பழியைக் காற்று சுமந்தது.

உரிமத் தொகையாக நீல்சன் கூட்டத்தார் கேட்டது ஒரு டன் இரும்புக்கு ஒரு ஷில்லிங். மிச்சமான கரியின் விலையோடு ஒப்பிட்டால் அது தூசு. முதலில் கொடுத்தார்கள். இலாபம் குவியக் குவிய, அந்த ஒரு ஷில்லிங்கும் பலருக்குக் கசந்தது. கொடுப்பதை நிறுத்திவிட்டு, கூட்டுச் சேர்ந்து காப்புரிமையையே உடைக்க முனைந்தார்கள். வாதம் சாமர்த்தியமானது. காற்றைச் சுடவைத்தால் நல்லது என்பது இயற்கையின் நியதி. நியதிக்கு யார் உரிமை கொண்டாட முடியும்? மேலும், சுடவைக்கும் கலத்தின் வடிவம் எப்படியிருந்தாலும் பயனில் வேறுபாடில்லை என்று நீல்சன் தம் காப்புரிமையில் எழுதியிருந்தார். வடிவத்தால் பயன் மிகவும் வேறுபடுகிறதே, ஆகவே அந்த எழுத்தே தவறு என்றார்கள். நீல்சன் எழுதியது எளிமையிலிருந்து வந்தது. எந்தப் பானையில் சுடவைத்தாலும் சுடுகாற்று குளிர்காற்றைவிட மேல் என்பதுதான் அவர் சொல்ல வந்தது.

1841-ல் இங்கிலாந்தில் ஹார்போர்டு என்பவருக்கு எதிரான வழக்கில் நீதிபதிகள் அந்தப் பொருளையே ஏற்றார்கள். வெறும் தத்துவத்துக்கு உரிமை இல்லை. ஆனால் ஊது எந்திரத்துக்கும் உலைக்கும் நடுவே சூடான ஒரு கலத்தை வைத்து அந்தத் தத்துவத்தைப் பயனுக்குக் கொண்டுவந்த வழிக்கு உரிமை உண்டு என்று பிரித்தார்கள். 1843 மே மாதம் எடின்பரோவில், கார்ட்ஷெரி ஆலையின் பேர்டு சகோதரர்களுக்கு எதிரான பெருவழக்கு பல நாள்கள் நடந்தது. அதிலும் நீல்சன் பக்கமே தீர்ப்பு. காப்புரிமையின் காலம் அதற்கு முந்தைய ஆண்டே முடிந்துவிட்டது. பாக்கிக்காகத்தான் அந்தப் போராட்டம். 1841-ஆம் ஆண்டு வழக்கு சட்டம் படிப்பவர்களுக்கு இன்றும் பாடமாக இருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1854-ல் மோர்சின் தந்தி வழக்கிலும், 2012-ல் ஒரு மருத்துவப் பரிசோதனைக் காப்புரிமை வழக்கிலும் அதை எடுத்து ஆராய்ந்திருக்கிறது.

எந்திரப் பழுது பார்ப்பவரின் மகனிடம், இலட்சம் இலட்சமாகச் சம்பாதித்தவர்கள் ஒரு ஷில்லிங்குக்காக வழக்காடியதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் நீல்சன் அந்தக் கோபத்தை எங்கும் காட்டியதாகத் தெரியவில்லை. 1846-ல் இலண்டன் இராயல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. பதினான்கு வயதுக்குள் பள்ளியை விட்டவருக்கு அது எளிதில் கிடைக்கும் சிறப்பன்று.

நீல்சனின் இரும்புக் குழாய்கள் ஓரளவு வெப்பத்துக்கு மேல் தாங்கவில்லை. அந்தத் தடையை உடைத்தவர் எட்வர்டு ஆல்பிரட் கூப்பர். உலையின் உச்சியிலிருந்து வெளியேறும் வாயுவில் கார்பன் மோனாக்சைடு நிறைய இருக்கிறது. அதை வீணாக வானத்தில் விடாமல், செங்கல் அடுக்கிய ஒரு கோபுரத்துக்குள் எரித்து அந்தச் செங்கற்களைச் சிவக்கச் சுட்டுவிட வேண்டும். பிறகு வாயுவை நிறுத்தி, அதே செங்கல் வழியே காற்றைச் செலுத்தினால் அது வெப்பத்தை வாங்கிக்கொண்டு உலைக்குப் போகும். ஒரு கோபுரம் கொடுத்துக்கொண்டிருக்கையில் மற்றொன்று வாங்கிக்கொண்டிருக்கும். 1857-ல் காப்புரிமை பெற்ற இந்த அடுப்புகளே இன்றும் ஒவ்வொரு ஊதுலைக்கும் பக்கத்தில் மூன்று அல்லது நான்காக, உலையை ஒட்டிய உயரத்தில் நிற்கின்றன. காற்று இப்போது 1,000 முதல் 1,200 செல்சியசுக்கும் மேலே சூடாகிறது. எந்த அடுப்பு எப்போது மாற வேண்டும், காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கலாம், எவ்வளவு ஆக்சிஜனைக் கூடுதலாகக் கலக்கலாம் என்பதையெல்லாம் கணிப்பொறிகள் பார்த்துக்கொள்கின்றன. காற்று மிகச் சூடாகிவிட்டால் அடக்குவதற்கென்று நீராவியை வேண்டுமென்றே சேர்ப்பதும் உண்டு! குழாய்முனை வழியே நிலக்கரித் தூளையும் ஊதும் நல்ல உலைகளில் ஒரு டன் இரும்புக்கு அரை டன்னுக்கும் குறைந்த கல்கரியே செலவாகிறது. எரிபொருள் குறைந்தால் கரியமில வாயுவும் குறையும் என்பதால், இன்று அந்தக் கணக்கை முதலாளிகள் மட்டும் பார்ப்பதில்லை.

நீல்சன் 1847-ல் வாயு நிலையத்திலிருந்து ஓய்வு பெற்றார். சில ஆண்டுகள் பியூட் தீவில் இருந்துவிட்டு, தெற்கே கர்க்கூப்ரிஷயரில் குயின்ஸ்ஹில் என்ற பண்ணையை வாங்கிக் குடியேறினார். மகன் வால்ட்டர் மான்ட்கோமரி நீல்சன் கிளாஸ்கோவில் இரயில் எஞ்சின் தொழிற்சாலை நடத்தினார். நீல்சன் பெயர் பொறித்த எஞ்சின்கள் நம் நாட்டு இரயில் பாதைகளிலும் ஓடியிருக்கின்றன. 1865 ஜனவரி 18-ஆம் நாள் குயின்ஸ்ஹில்லில் ஜேம்ஸ் நீல்சன் காலமானார். 1883-ல் அந்தப் பகுதியின் பார்ஸ்டோபிரிக் குன்றின் மேல் அவர் நினைவாக ஒரு கற்கூம்பு எழுப்பப்பட்டது. ஸ்காட்லாந்தின் கடைசி ஊதுலைகள் 1992-ல் ரேவன்ஸ்கிரெய்கில் அணைக்கப்பட்டன. கற்கூம்பு குன்றின் மேல் நிற்கிறது.